எந்த எறும்பு?

உலகத்தில் மிக இலேசாகத் தாங்கக்கூடிய வலி, அடுத்தவருடைய வலிதான். அதிலும் அந்த அடுத்தவரைக் கண்ணால் பார்க்காமல், அவரிடமிருந்து எடுத்த ஒரு துண்டை மட்டும் போத்தலில் பார்க்கிற தொழில் என்றால், வலி என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். எனக்கு அந்தத் தொழில்தான். கண்டி டவுனில் ஒரு லேபில் முதல் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தட்டில் ஒட்டி, டொக்டரின் நுணுக்குக்காட்டிக்குத் தயாராக வைக்க வேண்டும். (வீட்டில் இதை "புள்ள லேப்ல இருக்கு" என்று முடித்துவிடுவார்கள்.)

புரஸ்டேட் பயொப்சி போத்தல்கள் வந்தால் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் சந்தோஷம். சின்னப் போத்தல். உள்ளே மருந்துத் தண்ணீரில் வெளிறிய ஒரு நூல், இடியப்பத் தட்டிலிருந்து உதிர்ந்த துண்டு மாதிரி. நாங்கள் அதை இடியப்பம் என்றே சொல்வோம். சுத்தமான வேலை. அந்த நூலின் மறுமுனையில் ஒரு மனிதர் படுத்திருந்தார் என்பதைப் படிக்கிற காலத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். பரீட்சையில் அதற்குக் கேள்வி வரவில்லை.

அப்படியிருந்த காலத்தில்தான் அப்பாவுக்கு அந்தப் பரிசோதனை செய்ய வேண்டி வந்தது.

அப்பா ஹந்தானை மலையில் ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து உள்ளே போவதிலிருந்து தூள் வெளியே வருவது வரை அவர் பொறுப்பு. மலைக்கு ஏறும் ரோட்டோரம்தான் எங்கள் வீடு. அவர் வேலையில் இருந்த காலம் முழுக்க, சட்டையைக் கழற்றி மாட்டினால் அறையெல்லாம் தேயிலை வாசம் அடிக்கும். ஓய்வு பெற்றுப் பல மாதம் கழித்தும், அலுமாரியைத் திறந்தால் ஃபெக்டரியைத் திறந்த மாதிரி இருந்தது. நான் வேலைக்குப் போகும்முன் சும்மாவாவது ஒருதரம் திறந்து மூடுவேன். ஆனால் அந்த மனிதர் அம்மா ஊற்றும் டீயை ஒரு நாளும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. "குடிக்கலாம்" என்பார். டீமேக்கரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ராத்திரியில் அடிக்கடி எழுந்து பாத்ரூமுக்குப் போகிறார் என்று அம்மா கவனித்தார். இரத்தம் சோதித்தபோது இருக்க வேண்டிய அளவைவிடக் கூடுதல். பயொப்சி எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும் என்றார் டொக்டர். அப்பா, "பாப்போம்" என்றார். அதையே பல மாதம் சொன்னார். வீட்டில் யாரும் புற்றுநோய் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. "அது" என்றோம். "அதுவா இருக்காது." "அதுவா இருந்தா தெரிஞ்சிருக்குமே." சுவருக்கும் கேட்காத குரலில் இப்படிப் பேசிக்கொண்டு நாட்களைக் கடத்தினோம்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே கேட்டார்.

"அந்த ஊசி வலிக்குமாம்மா?"

(அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அம்மா என்றுதான். என் அம்மாவை "இந்தா" என்பார். என்னிடம் பேசும்போது மட்டும் அவரும் அம்மா. "அம்மா எங்கம்மா?" என்று கேட்பார், நாங்களும் குழம்பாமல் பதில் சொல்லுவோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

"அதெல்லாம் ஒன்னுமில்லப்பா. எறும்பு கடிக்கிற மாதிரிதான்."

"எந்த எறும்பு?"

"எறும்புன்னா எறும்புதாம்ப்பா."

"அதெப்படி? சித்தெறும்பு கடிச்சா கடிச்சதே தெரியாது. கட்டெறும்புன்னா சாரத்த ஒதறிக்கிட்டு ஓடணும். முசுறு வேற மாதிரி. நீ எதச் சொல்ற?"

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் பொதுவாக எறும்பு என்று சொன்னது என் பிழை. இருந்தாலும் படித்த பிள்ளை பின்வாங்கலாமா? தினமும் அந்தப் போத்தல்களைக் கையாளுகிறவள் என்ற தோரணையில் சொன்னேன்.

"சித்தெறும்பு."

"சரி. சித்தெறும்புன்னா வர்றேன். ஆனா ஒன்னு, அதுக்கு மேல இருந்துச்சுன்னா எந்திரிச்சு வந்துருவேன். பொறகு என்னைய கூப்புடக் கூடாது."

அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். "சொன்னா செய்வாரு. எந்திரிச்சு வந்துட்டார்னா அந்தப் பக்கம் மறுபடி கால வைக்க மாட்டாரு. ஒரே தடவதான். நீதான் பாத்துக்கணும்."

பொறுப்பு கிடைத்தால் எனக்குப் பட்டியல் போடாமல் இருக்க முடியாது. டொக்டர் தந்த மாத்திரையைச் சொன்ன நேரத்துக்குக் குடிக்க வேண்டும். காலையில் வயிறு சுத்தமாக இருக்க வேண்டும். இடுப்பில் கட்டத் தளர்ந்த சாரம் ஒன்று, மாற்றுச் சாரம் ஒன்று. பழைய ரிப்போர்ட்டுகள். இப்படி எழுதிக்கொண்டே போய்க் கடைசி வரியில் "பயப்படக் கூடாது" என்று எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் அப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில் "யாரு?" என்று இருந்தது.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று லேபில் போடும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டேன். அப்பாவுக்குத் தைரியமாக இருக்கும் என்பது வெளியில் சொன்ன காரணம். நாலு பேர் மதிப்பார்கள் என்பது உள்காரணம். அம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

"பயொப்சி ஒனக்கா அப்பாவுக்கா?"

"அவங்க நம்மள கவனிப்பாங்கம்மா."

"கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி வர்றா" என்று சொல்லிவிட்டு, குடையையும் பிளேன்டீ ஃப்ளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் நடந்தார்.

பேராதனைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. நீளமான விறாந்தையில் சுவரோரம் உட்காரக் கதிரைகள். நேர்ஸ் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிச் சாரத்தில் அப்பா சின்னப் பையன் மாதிரி இருந்தார். கதவடியில் திரும்பி, "அம்மா, செருப்ப பாத்துக்க" என்றார். அந்தச் செருப்பை எவனும் எடுக்க மாட்டான். வேறு என்னவோ சொல்ல நினைத்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "டக்" என்று ஒரு சத்தம். கந்தோரில் தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி. பிறகு அமைதி. பிறகு இன்னொரு "டக்". ஊசி பாய்ந்து அந்த இடியப்பத் துண்டை எடுக்கிற சத்தம் அது. நான் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு டக்குக்கும் ஒரு போத்தல் என்று. அப்போது மூன்றாவது டக்கோடு சேர்ந்து ஒரு குரல்.

"அம்மா!"

விறாந்தை முழுக்கக் கேட்டது. அம்மா என் தோளைத் தட்டினார்.

"ஒன்னத்தான் கூப்புடுறாரு."

"இல்லம்மா, அது வலியில..."

"வலிக்காதுன்னுதானே நீ சொன்ன?"

"ஆமா."

"அப்ப ஒன்னத்தான் கூப்புடுறாரு. போ."

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க இன்றுவரை முயன்று கொண்டிருக்கிறேன். எழுந்தேன். கதவைத் திறந்த நேர்ஸ் என் கோட்டைப் பார்த்து, "லேப் எகென்த மிஸ்?" என்றார். லேபிலிருந்து வருகிறீர்களா என்ற கேள்வி. ஆமென்று "ஔ" என்றேன். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. போத்தல் எடுக்க வந்தவள் என்று நினைத்து வழிவிட்டார்.

உள்ளே அப்பா சுவரைப் பார்த்து ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுத்திருந்தார். டொக்டர் அவருக்குப் பின்னால், கண்ணை ஸ்கேன் திரையிலிருந்து எடுக்காமல். இதற்கு மேல் நான் கண்டதைப் பற்றி இந்தக் கட்டுரையில் ஒரு வரியும் வராது. (அப்பா இதை வாசிப்பார்.) ஒரு புத்தியுள்ள பெண் அந்த இடத்தில் சத்தமில்லாமல் திரும்பியிருப்பாள். நான் கேட்டேன்:

"அப்பா, கூப்பிட்டீங்களா?"

அப்பாவின் முதுகு விறைத்தது. கழுத்தை மட்டும் திருப்பினார்.

"நீ எங்க இங்க? ஒன்னைய இல்ல... நான் சும்மா வாயில வந்து..."

டக்.

"...அம்மா!"

எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: உன்னை இல்லை, அம்மாவை. கட்டளை தெளிவாக இருந்தது. வெளியே போனேன்.

"அம்மா, ஒங்களத்தான் கூப்பிடுறாராம்."

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, குடையோடும் ஃப்ளாஸ்க்கோடும் என் கோட்டைப் பிடித்தபடி பின்னாலேயே வந்துவிட்டார். நேர்ஸ் வாயைத் திறக்குமுன் நாங்கள் கட்டிலடியில் நின்றோம்.

"என்னங்க வேணும்? டீ ஊத்தவா?"

டொக்டர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். வயது குறைந்த, சாந்தமான முகமுள்ள சிங்களவர். வெள்ளைக் கோட் ஒன்று, குடை ஒன்று, ஃப்ளாஸ்க் ஒன்று. "மே கவ்த?" என்றார், இவர்களெல்லாம் யார் என்று.

அப்பா எந்த நிலையிலும் மரியாதை தவறாதவர். முழங்காலை நெஞ்சில் வைத்தபடி, சுவரைப் பார்த்தபடி, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டிக் கல்யாண வீட்டில் போல எங்களை அறிமுகப்படுத்தினார். "டொக்டர், மகே நோனா. மகே துவ. லேப் எக்கே." என் மனைவி, என் மகள், லேபில் இருக்கிறாள். அந்தக் கடைசி வார்த்தையில் எப்போதும் இருக்கும் பெருமை அப்போதும் குறையவில்லை.

டொக்டர் கோபப்படவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார்: ஒவ்வொரு தடவையும் வலிக்கிறதா என்று கேட்கிறேன், உங்கள் அப்பா இல்லை இல்லை என்கிறார். ஆனால் ஊசி பட்டதும் அவர் கை பறந்து வந்து என் கையை அடிக்கிறது. இப்படித் தொடர முடியாது. இன்னும் பாதி இருக்கிறது, பாதியை வைத்து ரிப்போர்ட் எழுதவும் முடியாது. வேண்டுமானால் இன்றைக்கு நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வரலாம்.

அம்மா என்னைப் பார்த்தார். இன்னொரு நாள் என்று ஒன்று வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பாதிப் பரிசோதனையோடு, "அது" என்ற சொல்லோடு, நாங்கள் அந்த வீட்டில் இருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான் கட்டிலைச் சுற்றிப் போய்ச் சுவருக்கும் அப்பாவுக்கும் இடையில் குந்தினேன். முகத்துக்கு நேரே முகம். அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"அப்பா, ஏம்ப்பா டொக்டர் கைய அடிக்கிறீங்க?"

"எறும்புன்னா தட்டிவிடத்தானே செய்வாங்க? கை தானாப் போவுது."

"வலிக்குதாப்பா?"

பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நீ சித்தெறும்புன்னு சொன்னியேம்மா. வலிக்குதுன்னு நான் சொன்னா, லேப்ல இருக்கிற புள்ள ஒன்னும் தெரியாம சொல்லியிருக்குன்னு இவங்க நெனப்பாங்கல்ல."

வெள்ளைக் கோட் அணிந்து அவ்வளவு சிறியவளாக நான் என்றும் உணர்ந்ததில்லை.

"எறும்பு இல்லப்பா. என்னான்னே எனக்குத் தெரியாது. நான் போத்தல மட்டும்தான் பாத்திருக்கேன்."

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதி.

"குளவிம்மா இது. பெரிய குளவி. அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? குளவின்னா குளவிக்குப் படுக்கிற மாதிரி படுத்திருப்பேன்ல."

தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்தால் ஓடக் கூடாது, தட்டக் கூடாது. கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, அது தன் வேலையை முடித்துப் போகும்வரை செத்தது போலக் கிடக்க வேண்டும். அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே அது பழக்கம். எறும்பு என்று சொல்லி அவரைத் தட்டவைத்தது நான்தான்.

டொக்டரிடம் சொன்னேன், அவருக்கு நன்றாக வலிக்கிறது, வெட்கத்தில் "இல்லை" என்கிறார் என்று. டொக்டர் சிரித்துவிட்டார். "அங்கிள், சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் மரத்துப்போக வைத்திருப்பேனே!" மரத்துப்போக இன்னொரு ஊசி போட்டுச் சற்று நேரம் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் அப்பா தலையணையை உருவித் தலைக்கு மேல் போட்டு இரு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டொக்டர் பதறிப்போய், மூச்சு முட்டுகிறதா என்று என்னைக் கேட்டார்.

"இல்ல டொக்டர். குளவிக்கு" என்றேன். சிங்களத்தில் அதை விளக்க எனக்குச் சொல் வரவில்லை.

டக். அப்பா அசையவில்லை. கல் மாதிரிக் கிடந்தார். தலையணைக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும், "இது கட்டெறும்பு அளவுதான், பரவால்ல" என்றது. அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை சொல்லவில்லை.

எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும். ஆனால் நேர்ஸ் ஊசி முனையைப் போத்தலுக்குள் அலசுவதை நான் பார்த்தேன். ஊசியிலிருந்து நூல் கழன்று விழுந்தது. நான் தினமும் காணும் அதே நூல். ஆனால் வெளிறியதாக இல்லை. இளஞ்சிவப்பாக, அதைச் சுற்றி ஒரு துளி இரத்தம் புகை மாதிரி விரிந்தது. எத்தனையோ போத்தலைத் திறந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது, அது ஓர் ஆளிடமிருந்து வருகிறது என்று. அதுவும் அலுமாரியில் தேயிலை வாசம் வைத்திருக்கும் இந்த ஆளிடமிருந்து.

அறை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. விழும்போதும் நான் போத்தல் மேசையின் பக்கம் விழவில்லை. (பயிற்சி.)

கண் விழித்தபோது விறாந்தையில் இருந்தேன். அப்பாவை வெளியே கொண்டுபோக வைத்திருந்த வீல்செயாரில் நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஃப்ளாஸ்க் மூடியில் சீனி கரைத்த பிளேன்டீயை என் வாயில் வைத்தார். கதவு திறந்தது. வேலை எல்லாம் முடிந்து, காலைச் சற்று அகட்டி வைத்து, அப்பா நடந்தே வந்தார்.

"புள்ளைக்கு என்னாச்சு?"

"ஒங்க பயொப்சி அவளுக்குப் புடிச்சிக்கிச்சு" என்றார் அம்மா.

அப்படியே என்னைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். தான் தள்ளியதாக அப்பா சொல்வார். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார், தள்ளியது அம்மா. த்ரீவீல்காரர் ஓடிவந்து எனக்குக் கை கொடுத்தார். "மிஸ்ட மொகத வுனே?" என்று அப்பாவிடம் விசாரித்தார், மிஸ்ஸுக்கு என்ன நடந்தது என்று. அப்பா ஆழ்ந்த முகத்தோடு, "பயொப்சி" என்றார். அந்த நல்ல மனிதர் வழியெல்லாம் எனக்காக மெதுவாக ஓட்டினார். பக்கத்தில் அப்பா பாதி ஆசனத்தில் சாய்ந்தபடி பாதையை மதிப்பிட்டுக்கொண்டு வந்தார். சின்னப் பள்ளத்துக்கு, "சித்தெறும்பு." அடுத்ததற்கு, "முசுறு." ரயில் கடவையில் வண்டி ஏறி இறங்கியபோது கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, "குளவி!"

ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. வந்தது. "அது" இல்லை. வயதானால் வரும் சாதாரண வீக்கம், மருந்து போதும். நான் வாசித்து முடித்ததும் அப்பா, "சரி" என்றார். அம்மா உள்ளே போய் டீ ஊற்றிக்கொண்டு வந்தார். அப்பா ஃபெக்டரியில் டீ ருசி பார்க்கிற மாதிரி சத்தமாக ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, வெளியே மலையைப் பார்த்தபடி சொன்னார்.

"இந்தா, டீ நல்லாருக்கு."

அம்மா திரும்பிக் குசினிக்குள் போனவர், கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

இப்போது கல்யாணமாகிக் கலகெதரவில் இருக்கிறேன். வேலை அதேதான். அந்தப் போத்தல் நூலை இடியப்பம் என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். அலுமாரியில் வாசம் போய்விட்டது. அம்மா வீட்டுக்குப் போகும்போது பழக்கதோஷத்தில் இன்னும் திறந்து மூடுகிறேன். அந்த வீட்டில் தலைவலி, கால்வலி எதுவானாலும் ஒரே கேள்விதான்: எந்த எறும்பு? என் கணவர் வந்த புதிதில், வீட்டில் எறும்புத் தொல்லை அதிகம் என்று நினைத்து மருந்துப் பொடி வாங்கிக்கொண்டு வந்தார்.

போன வருஷம் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. கண்டி டவுனில் ஒரு பல் டொக்டர். அப்பா துணைக்கு வந்து வெளியே உட்கார்ந்தார். வலி ஒன்றுமே தெரியாது என்றார் டொக்டர், நான் அந்தக் காலத்தில் சொன்ன அதே தோரணையில். பல் பாதியில் முறிந்தது. என் வாயிலிருந்து என்னை அறியாமல் வந்த சொல்:

"ஐயோ, அப்பா!"

கதவு திறந்தது. கையில் அம்மாவின் ஃப்ளாஸ்க்கோடு அப்பா எட்டிப் பார்த்தார். எவ்வளவு காலமாகக் காத்திருந்தாரோ, முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"கூப்பிட்டியாம்மா?"

வாய் நிறையப் பஞ்சு. தலையை ஆட்டினேன். அவர் உள்ளேயே வந்துவிட்டார்.

"எந்த எறும்பு?"

இரண்டு கையையும் விரித்துச் சிறகு மாதிரி அடித்துக் காட்டினேன். அப்பாவின் சிரிப்பு நின்றது.

"அசையாம படு" என்று சொல்லிவிட்டு, ஃப்ளாஸ்க்கை ஜன்னலோரம் வைத்துவிட்டு, என் தலைக்கு மேல் போட அந்த அறையில் ஒரு துணி தேடத் தொடங்கினார்.